குரூசிபிள் கனக்கிறது!

"ஐயோ...!"

துப்புரவுப் பெண்மணியின் அலறலில் ஆய்வுக்கூடமே நடுங்கியது.

வெள்ளிப் பரிசோதகர் தராசு மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். பிணமாக!

பக்கத்தில் காலி டீ கோப்பை. அடியில், டைப் அடித்த கடிதம்.

அது காலையில். இப்போது மணி மூன்று. உடல் போய்விட்டது. அவருடைய மூக்குக் கண்ணாடி மட்டும் தராசருகே, யாரையோ முறைத்தபடி...

ஆய்வுக்கூட இயக்குநர் கடிதத்தை மேடைக் குரலில் வாசித்தார். பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், பின்னால் நான்கு வைத்திருப்பவர்.

"'இயக்குநரின் சிலை சுத்த வெள்ளியே. கலப்படம் என்று நான் எழுதியது பொய். வெட்கத்தில் விஷம் குடிக்கிறேன்.' கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்? அதோ மூலையில நிக்குதே, ஜனங்க அள்ளிக் கொடுத்த வெள்ளில வார்த்த என் சிலை! நாளைக்குத் திறப்பு விழா!"

"எங்கப்பா பொய் எழுத மாட்டார் சார்!" என்றாள் இறந்தவரின் மகள். அவளும் அங்கே பரிசோதகர்தான். "சிலையோட அடியைச் சுரண்டி, அமிலத்துல கரைச்சு, உப்புத் தண்ணி விட்டு, வெள்ளியை வெண்பொடியா இறக்கியிருக்கார். அந்தப் பொடி எடைதான் சாட்சி. மறுபடி நிறுத்துப் பார்த்துடலாம்."

"தாராளமா! நான் பார்க்காத பரிசோதனையா? நாப்பது வருஷ சர்வீஸ்!"

உலர்த்தும் அடுப்பிலிருந்து குரூசிபிளை இடுக்கியால் எடுத்தாள். வெண்பொடி இருந்த அந்தக் குட்டிக் கிண்ணத்தைத் தராசில் வைத்து, கண்ணாடிக் கதவை மூடினாள்.

31.2046...

31.2051...

31.2058...

"யாரும் தொடலையே... எப்படி ஏறுது?" இன்ஸ்பெக்டர் குரல் இறங்கியது.

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் திறக்கவில்லை.

"அப்பா விரல் எப்பவும் மெதுவாத்தான் அழுத்தும்..." என்றாள்.

31.2063...

இயக்குநர் முகத்தில் வியர்வை. மூக்குக் கண்ணாடி அவரையே பார்த்தது!

"கையை எடுய்யா!" தராசைப் பார்த்து அலறினார். "ஒரு சிட்டிகைதானே டீல கலந்தேன்! அறிக்கையை மாத்துன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்...!"



இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டிவிட்டு, தராசை எட்டி நின்றே பார்த்தார்.

"ஏம்மா... நிஜமாவே ஆவியா?"

"சூடு சார். சூடா வச்சா எடை குறைச்சுக் காட்டும், ஆற ஆற ஏறும். ஆறவச்சுத்தான் நிறுக்கணும். முதல் வருஷப் பாடம்."

"அப்ப இவரு நாப்பது வருஷமா என்ன படிச்சாரு?"

"தன்னோட பெயர்ப்பலகையை!"

குரூசிபிளை நன்றாக ஆறவைத்து மறுபடி நிறுத்தாள். அப்பாவின் நோட்டில் இருந்த அதே எண். கடைசிப் புள்ளி வரை!

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளி நாலே சதவீதம் சார். மத்தது செம்பும் நிக்கலும். வெளியில மட்டும் வெள்ளி முலாம்."

இன்ஸ்பெக்டர் சிலையைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார்.

"உள்ள மட்டம், மேல பளபளப்பு... சிற்பி ஆளை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்மா!"