கோட்டுக்கு மேல் ஆறு டிக்

"சார், என்னை ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. பெரியவருக்கு நான் மருந்தை அதிகமாக் கொடுத்துட்டேனாம். போலீஸைக் கூப்பிட்டிருக்காங்க."

காலை ஒன்பது மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. கம்பவுண்டர் மட்டும் நிதானமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி மருந்தறையில் முப்பது வருஷம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து ஓய்வு பெற்றவர் அவர். போனில் அழுதவள் அங்கே அவரோடு வேலை பார்த்த நர்ஸ்; இப்போது ஒரு வீட்டில் தங்கி, இடுப்பெலும்பு முறிந்த பெரியவரைக் கவனித்துக்கொள்கிறாள். கம்பவுண்டரோடு அவருடைய மச்சினனும் கிளம்பினான். லாரி ஆபீஸ் குமாஸ்தா. துப்பறிய ஆசை நிறைய, பொறுமை சுத்தமாகக் கிடையாது.

மருந்து தெரிந்த ஆள் என்றதும் பெரியவரின் மகன் கதவைத் திறந்தார். தன் பக்கம் ஒரு சாட்சி சேர்ந்தது என்று நினைத்திருக்க வேண்டும். இருவரும் உள்ளே நுழைந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போலீஸ் வர்ற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக்கூடாது."

நோயாளிக்குக் காற்றுப் படக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார்கள். வீடு முழுக்கப் பினாயில் வாடை, மூச்சு முட்டியது. கூடத்தின் கோடியில் இருந்த சின்ன அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சார், வந்துட்டீங்களா? இந்தப் பழி என் மேல விழுந்துடுச்சுன்னா இனிமே ஒரு வீட்லயும் என்னை உள்ள விடமாட்டாங்க சார்."

"இரும்மா, பதறாதே. பெரியவர் எங்கே?"

மகன்தான் பதில் சொன்னார். "ஆஸ்பத்திரியில. தங்கச்சி கூட இருக்கா. எட்டு மணிக்கு எழுப்பினேன், அப்பா கண்ணையே திறக்கல. இந்தத் தாளைப் போட்டோ எடுத்து டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். நீங்களே பாருங்க!"

கட்டிலருகே தொங்கிய மருந்து அட்டவணை அது. மருந்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு மூன்று கட்டம். வலிக்கான வீரியமான மாத்திரைக்கு நேராக டாக்டர் 'ஸ்டாட்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். திங்கட்கிழமைக் காலையில் ஒரு டிக். அதை ஒட்டி ஒரு நீளமான கோடு வாரக் கடைசி வரை ஓடியது. செவ்வாயிலும் புதனிலும் அந்தக் கோட்டுக்கு மேலேயே ஆறு டிக். இன்று வியாழன், டிக் இல்லை.

மச்சினன் இதற்குள் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணி முடித்திருந்தான். "அத்தான், பத்துல அஞ்சு மிச்சம். ஆனா டிக் ஏழு இருக்கே! ரெண்டு மாத்திரையை அந்தம்மா ஒளிச்சு வெச்சிருக்காங்க!"

"முந்திரிக்கொட்டை, சும்மா இரு."

மகன் பொரிந்து தள்ளினார். "டாக்டர் சிவப்புல எழுதின மருந்து சார். ஒரு நாள் கொடுப்பா, அப்புறம் ரெண்டு நாள் கண்டுக்கவே மாட்டா. இப்படி ஒருத்தியை நம்பி அப்பாவை விட்டேனே!"

கம்பவுண்டர் மூடிய கதவருகே போய் நின்றார். "ஏம்மா, இந்தக் கோடு எதுக்கு?"

"ஸ்டாட் மருந்தாச்சே சார். கொடுத்ததும் மிச்சக் கட்டத்தை அடைச்சிடுவோம், நம்ம வார்டுல செய்யற மாதிரியே."

அவர் திரும்பி மகனைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஸ்டாட்னு எழுதினா உடனே கொடுக்கணும், அதுவும் ஒரே ஒரு தடவைதான். உடனேங்கறது எல்லாருக்கும் தெரியும், ஒரு தடவைங்கறது வார்டுல வேலை பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். அதனாலதான் அவ கோடு போட்டு அடைச்சா. அடைச்சவளே அது மேல டிக் போடுவாளா? அட்டையில குறையறது அஞ்சு மாத்திரை, தாள்ல ஏழு டிக். அப்போ அந்த ஆறும் மாத்திரை கொடுத்துப் போட்ட டிக் இல்லை. நீங்க ஒண்ணு சொன்னீங்க தம்பி, ரெண்டு நாள் கண்டுக்கலைன்னு. கட்டமெல்லாம் நிறைஞ்சிருக்கு. கண்டுக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மகன் தாளைத் திரும்பப் பார்த்தார்.

"அது காலியா இருந்தப்போ பார்த்தவருக்குத்தான் தெரியும். தம்பி, உங்களைப் பிடிச்சுக் கொடுக்க நான் வரலை. ரெண்டு நாளா ஆறு மாத்திரைன்னு நெனச்சு அங்க வைத்தியம் பண்ணிட்டிருக்காங்க. திங்கட்கிழமை போக நாலு மாத்திரை. எப்போ கொடுத்தீங்க?"

அந்த மனிதர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையில ஆறு மணிக்கு. அப்பா வலியில துடிச்சார். இவங்க குளிக்கப் போயிருந்தாங்க. பார்த்தா ரெண்டு நாளா கட்டம் காலி. விட்டதுக்கு ஈடாச் சேர்த்துக் கொடுத்தா வலி நிக்கும்னு... நாலும் ஒண்ணா. அப்பா எந்திரிக்கலைன்னதும் பயந்துட்டேன் சார். டிக் போட்டுட்டேன். போட்டப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"அந்தக் கதவைத் திறங்க முதல்ல."

அவர் உட்கார்ந்தபடியே அறைச் சாவியை எடுத்து நீட்டினார். மச்சினன்தான் வாங்கித் திறந்தான். நர்ஸ் வியர்வையில் நனைந்து வெளியே வந்தாள். கேட்டதெல்லாம் கதவுக்குப் பின்னால் அவள் காதிலும் விழுந்திருந்தது. மகன் தங்கையைப் போனில் பிடித்து, டாக்டரிடம் கொடுக்கச் சொன்னார். டாக்டர் பேச வந்ததும் மருந்தின் பெயரே அவருக்கு நாக்கில் வரவில்லை. நர்ஸ் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

மருந்தின் பெயர், வீரியம், நாலு மாத்திரை ஒன்றாக, ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில். மடமடவென்று சொன்னாள். முந்தின இரண்டு நாளும் எதுவும் இல்லை, அந்தத் தாளை நம்பாதீர்கள் என்றாள்.

"நல்லவேளை இப்பவாவது சொன்னீங்க. அதை முறிக்கிற மருந்து இருக்கு, ஆரம்பிக்கிறோம்," என்றது மறுமுனை. "பேசறது யாரு?"

மகன் தரையில் உட்கார்ந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"பெரியவரோட நர்ஸ்," என்றாள்.