தொடாதே என்றொரு தம்பி

குழந்தைகள் காப்பகத்து மிஸ் குனிந்து, தம்பியின் கன்னத்தைக் கிள்ளக் கையை நீட்டினார்.

“உங்க பேரு என்ன, தங்கம்?”

தம்பி தன் நெஞ்சில் பட்டென்று தட்டினான். வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்:

“தொதாதே!”

மிஸ் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“சரிப்பா, தொடல. பேரு மட்டும் சொல்லு, போதும்.”

“தொதாதே!” இந்தத் தடவை இன்னும் சத்தமாக, இன்னும் பெருமையாகச் சொன்னான்.

அப்பா திருதிருவென்று விழித்தார். அம்மா அசடு வழியச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அக்கா மிளகுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உருவத்தில் சின்னவள், பேச்சில் காரம். அதனால்தான் வீட்டில் அவளை மிளகு என்று கூப்பிடுவார்கள்.

“இவன் பேரு சிட்டு, மிஸ்” என்றாள் மிளகு. “ஸ்கூலுக்குன்னு ஒரு பேரு இருக்கு. அது ரொம்ப நீளம். பாதியில மூச்சு வாங்கணும்.”

மிஸ் சிரித்துவிட்டார். “சிட்டுன்னே சொல்லட்டும். ஆனா அவனே சொல்லணும். கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும். இங்க இத்தன பிள்ளைங்க இருக்காங்க. ஒருத்தன் வாசல் கேட் பக்கம் ஓடினா, பேரைச் சொல்லித்தானே நிறுத்த முடியும்?”

நியாயம்தான்.

“திங்கக்கிழமை மறுபடி கூட்டிட்டு வாங்க. அப்பவும் சொல்லலைன்னா, கொஞ்ச மாசம் கழிச்சுப் பாக்கலாம்” என்றார் மிஸ்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவர் பஸ் கண்டக்டர். தம்பி பிறந்ததிலிருந்து லீவில் இருக்கிறார். அந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஏற்கெனவே லீவை நீட்டியாகிவிட்டது. இனிமேல் கேட்டால் டிப்போவில் முறைப்பார்கள்.

“என் பஸ்ஸ மனசு எவ்வளவு தேடுது தெரியுமா?” என்று வழியில் அம்மா சொன்னார். தம்பி அப்பாவின் தோளில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வேலையில் இறங்கினார். தம்பியை மேசைமேல் உட்கார வைத்தார். அவன் நெஞ்சில் விரலை வைத்து, “சிட்டு. சொல்லு, சிட்டு” என்றார்.

தம்பி குனிந்து பார்த்தான். அப்பாவின் விரலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் இருந்தது.

“தித்து!” என்றான்.

“சொல்லிட்டான்! சொல்லிட்டான்!” என்று அப்பா குதித்தார்.

தம்பி அப்பாவின் சட்டைப் பொத்தானைத் தொட்டு, “தித்து” என்றான். அடுத்த பொத்தானைத் தொட்டு, “தித்து” என்றான். அப்பாவிடம் ரிப்பேருக்குக் கொடுத்த போனை வாங்கிப்போக வந்த ஒரு தாத்தாவின் வயிற்றில் இருந்த பொத்தானையும் விடவில்லை.

“போச்சு. ஊர்ல இருக்குற பொத்தானுக்கெல்லாம் இவன் பேரு” என்றார் அம்மா.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மிளகு வாசல் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அதுதான் அப்பாவின் செல்போன் ரிப்பேர் கடையும்கூட. மேசைமேல் திறந்து போட்ட போன்களும், கடுகை விடச் சின்ன ஸ்க்ரூக்களும் கிடந்தன. தம்பி உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் இருந்தான். அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். ரெண்டு வயசுக்காரர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

அடுத்த வீட்டுப் பூனை உள்ளே வந்தது. காயாத படத்தின்மேல் கால் வைக்கப் பார்த்தது.

“ஏய், தொடாதே!” என்று கத்தினாள் மிளகு.

பூனை பாய்ந்து ஓடியது. ஆனால் உள்ளறையிலிருந்து தடதடவென்று சத்தம் கேட்டது. தம்பி ஓடி வந்து அவள் முன்னால் நின்றான். தலையெல்லாம் ஒட்டடை. கூப்பிட்டாயா என்று கேட்பதுபோல் அவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

மிளகு தூரிகையைக் கீழே வைத்தாள்.

அவன் திரும்பிப் போகும்போது, “சிட்டு!” என்று கூப்பிட்டாள். அவன் பாட்டுக்குப் போனான்.

“தொடாதே!” என்றாள் மெதுவாக.

உடனே திரும்பினான். நெஞ்சைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

மிளகு அவன் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள். அவனாகவா அப்படிச் சொல்கிறான்? காலையில் எழுந்து அம்மாவின் கண்டக்டர் பையின் பக்கம் போனால், தொடாதே. கடைக்குள் வந்தால், தொடாதே. அவளுடைய கலர் பெட்டியைப் பார்த்தாலே, தொடாதே. கொஞ்சும்போது அப்பாவுக்கு அவன் ராஜா, அம்மாவுக்குக் கண்ணு, அவளுக்கு வெறும் டேய். எல்லாரும் ஒரே மாதிரி சொல்வது அந்த ஒரு வார்த்தையைத்தான். அதையே தன் பெயர் என்று அவன் எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு?

சாப்பிடும்போது மிளகு விஷயத்தை உடைத்தாள். அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“அடக் கடவுளே! என் பிள்ளைய நானேவா அப்படிக் கூப்பிட்டுட்டு இருக்கேன்?”

“நானும்தாம்மா” என்றாள் மிளகு. “இனிமே வீட்ல யாரும் அந்த வார்த்தைய சொல்லக் கூடாது.”

“நல்லாருக்கே! ஸ்க்ரூவ எடுத்து முழுங்கினா?” என்றார் அப்பா.

“ ‘சிட்டு, இங்க வா’ன்னு கூப்பிடுங்க. இங்க வந்துட்டா அங்க எப்படித் தொடுவான்? ஸ்க்ரூவ எல்லாம் மேல் தட்டுல வைங்க. அப்புறம், அவன் தொடுறதுக்குன்னு இந்த வீட்ல ஏதாவது இருக்கா? எல்லாம் நம்மளோடது. அவனுக்கும் வேணும்ல?”

அப்பா எழுந்துபோய் ஸ்க்ரூக்களை மேல் தட்டில் வைத்தார்.

“மீறிச் சொன்னா?” என்று கேட்டார் அம்மா.

மிளகு யோசித்தாள். “சொன்னவங்க தம்பிக்குக் குதிரையாகணும். வாசல்லேர்ந்து சமையலறை வரைக்கும்.”

அன்றைக்கே ஒரு கூடை தயாரானது. உயிர் போன பழைய பட்டன் போன் ஒன்றை அப்பா துடைத்து, பேட்டரியைக் கழற்றி, திறக்க முடியாதபடி ஒட்டிப் போட்டார். அம்மா தன் பழைய தோல்பையையும் விசிலையும் போட்டார். மிளகு கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் பெரிய மெழுகுக் கலர்களில் சிவப்பைப் போட்டாள்.

“இது சிட்டு கூடை. இது சிட்டு போன். தொடு, சிட்டு” என்றாள்.

தம்பி அவளையே பார்த்தான். பிறகு ஒரு விரலால் போனைத் தொட்டான். யாரும் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாரி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் வீடே தலைகீழாக இருந்தது. அம்மா ஒரு தடவை குதிரையானார். மிளகும் ஆனாள். அப்பா மட்டும் குதிரையாகவே வாழ்ந்தார் என்று சொல்லலாம். ஒருநாள் கடைக்கு வந்தவர் ஆளைக் காணாமல் உள்ளே எட்டிப் பார்த்தார். முழங்காலில் தவழ்ந்தபடி, முதுகில் மகனோடு, “சார்ஜ் ஏறலையா சார்?” என்று அப்பா கேட்டார்.

விசில் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அன்றிரவே அது கூடையிலிருந்து காணாமல் போனது. எடுத்தது யார் என்று மிளகு கேட்டபோது, அம்மா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரக் கடைசியில் தம்பி, “சிட்டு!” என்றால் திரும்பினான். ஆனால், “உன் பேரு என்ன?” என்றால் வாயைத் திறக்கவில்லை. பழைய பெயரும் இல்லை, புதிய பெயரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மிளகுக்குச் சோறே இறங்கவில்லை. இருந்த ஒரு பெயரையும் பிடுங்கிவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை எல்லாரும் காப்பகத்தில் நின்றார்கள். அம்மா சீருடையில் இருந்தார். தோளில் கண்டக்டர் பை தொங்கியது. தம்பியின் கையில் அவனுடைய போன்.

மிஸ் குனிந்தார். இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“உங்க பேரு என்ன, தங்கம்?”

தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

“சொல்லு கண்ணு” என்றார் அம்மா.

“சொல்லு ராஜா” என்றார் அப்பா.

மிளகு விரல்களை இறுக்கிக் கோத்துக்கொண்டாள். மிஸ் மெல்ல நிமிர்ந்தார்.

“பரவால்லம்மா. கொஞ்ச மாசம்...” என்று அவர் ஆரம்பித்தார்.

அப்போது ரெட்டைச் சிண்டு போட்ட ஒரு குட்டிப் பாப்பா குடுகுடுவென்று வந்தாள். தம்பியின் போனைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

தம்பி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முகம் சிவந்துவிட்டது.

“தொதாதே!” என்று கத்தினான்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

தம்பி இன்னும் முடிக்கவில்லை. தன் நெஞ்சைப் பட்டென்று தட்டினான்.

“தித்து! தித்து போனு!”

மிஸ் கலகலவென்று சிரித்தார்.

“பேரும் தெரிஞ்சுது, போன் யாருதுன்னும் தெரிஞ்சுது!”

அம்மா மிளகைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கண்டக்டர் பை அவள் முதுகில் இடித்தது. மிளகுக்கு அது வலிக்கவே இல்லை.

ரெட்டைச் சிண்டு மட்டும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தம்பி அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, போனை முழுசாக விடாமல், கொஞ்சமாக நீட்டினான்.

“தொது” என்றான்.

அவள் அழுகையை நிறுத்தி, ஒரு விரலால் தொட்டாள்.

அம்மா பஸ்ஸுக்கு ஓடினார். அப்பா கடை திறக்கப் போனார். மிளகு பள்ளிக்குக் கிளம்பினாள். வாசல் கேட் அருகே நின்று கையசைத்தாள். தம்பி கவனிக்கவில்லை, அவனுக்கு ஆயிரம் வேலை.

“சிட்டு!” என்று கூப்பிட்டாள்.

அவன் உடனே திரும்பிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.