நான்கு வகை ‘ம்’

காலை ஆறு பத்துக்கு மிதவை மூன்று பாகை சாயும். இரவெல்லாம் மேல்தளத்தில் தேங்கிய உப்புநீர் கடலுக்குள் வழிந்ததும் நிமிரும். அந்தச் சாய்வில் திருவரசு எழுந்துகொள்வான். பல் துலக்குவான். மாவுக்குழாயைத் திறந்து நான்கு இட்லி ஊற்றுவான். இரண்டு போதும் என்பது தட்டில் வைத்த பிறகுதான் நினைவுக்கு வரும். மீதி இரண்டை டிபன் டப்பாவில் போட்டு மூடுவான்.

ஆறு ஐம்பதுக்கு மேசை முன் உட்கார்ந்து காதைக் கொடுத்துவிடுவான்.

பதினொரு நிமிடம். அந்த நேரத்தில் அவன் கேட்பதும் பார்ப்பதும் அவனைச் சேர்ந்தவை அல்ல. ஏழு ஒன்றுக்குத் திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும். சாப்பிட்டது நினைவிருக்காது. கை கழுவிவிட்டு வேலைக்குக் கிளம்புவான்.

நான்காம் மிதவை என்னும் அந்த மிதக்கும் ஊர் நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருந்தது. ஒன்பதாயிரம் பேர். எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் ஒரு செவிக்குமிழ். மிளகு அளவுதான். அங்கே பணத்தை யாரும் பெரிதாக விரும்பவில்லை. வேண்டிய பொருள்களை எந்திரங்கள் செய்து கொடுத்தன. ஒன்றை மட்டும் அவற்றால் செய்ய முடியவில்லை: ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மனிதனைப் போலச் சந்தேகப்படுவது. இது மீனா, பிளாஸ்டிக்கா? இந்த முகம் சிரிக்கிறதா, அழப் போகிறதா? அதற்கு மனித மூளை தேவைப்பட்டது. எனவே எதை வாங்கினாலும் கவன நிமிடங்களில் கட்டணம் செலுத்தினார்கள். குமிழ் அந்த நிமிடங்களுக்கு மூளையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். உடம்பு தன் போக்கில் மென்று, விழுங்கி, தலையாட்டிக் கொண்டிருக்கும். யாராவது பேசினால் குமிழே பதில் சொல்லும்.

தமிழ்ப் பதிப்பைத் தயாரித்தவர்களுக்கு வேலை மிச்சம். மற்ற மொழிகளில் பதில் சொல்ல முழு வாக்கியங்கள் தேவைப்பட்டன. தமிழ் வீடுகளை ஓராண்டு ஆராய்ந்தபோது நான்கு வகை ‘ம்’ போதும் என்று தெரிந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்னும் ‘ம்’. சரி என்னும் ‘ம்’. அப்படியா என்று இழுக்கும் ‘ம்’. அப்புறம் என்று கேட்கும் ‘ம்’. எதிரில் இருப்பவரின் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்து குமிழ் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

திருவரசு இந்தப் பதினொரு நிமிடத்தை எதற்காகக் கொடுத்தான் என்பது யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ளும்படியான காரணம் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவன் மனைவி குயிலி, “நான் பேசுறத நீங்க கேக்கறதே இல்ல” என்றாள். சண்டையாக இல்லை. சட்னி அரைத்துக்கொண்டே சொன்னாள். அவன் படகில் வேலைக்குப் போகும்போது ‘தன்னறி’ நிறுவனத்தின் தேர்வு ஒன்று காதில் ஒலித்தது. ‘நீங்கள் எவ்வளவு நல்ல கணவர்? பதினெட்டே கேள்விகள். இலவசம்.’ எழுதினான். கடைசிக் கேள்வி முடிந்ததும் முடிவு வரவில்லை. ‘முடிவை அறிய ஒரே ஒரு கவன நிமிடம்’ என்றது. பதினெட்டு கேள்விக்குப் பதில் சொன்னவன் ஒரு நிமிடத்துக்காகத் திரும்பிப் போவானா? சம்மதித்தான். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. ‘சிறந்த செவி’ என்ற சான்றிதழ் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதைக் குயிலியிடம் காட்டினான். அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு அதை அச்செடுத்துத் தன் டிபன் டப்பாவின் மூடியில் ஒட்டிக்கொண்டாள்.

அந்த ஒரு நிமிடம் முதல் நாளுக்கு மட்டும். மறுநாளிலிருந்து தினமும் பதினொரு நிமிடம், நிறுத்தச் சொல்லும்வரை. சம்மதத்தின் நாற்பதாவது பத்தியில் அது இருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் அவன் கண்டுபிடித்தான். நிறுத்த வேண்டுமானால் கூப்பிட்டுப் பேச வேண்டும். எந்தத் தேர்வு, எதற்கு எழுதினீர்கள் என்று கேட்பார்கள். கூச்சமாக இருந்தது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

கூச்சம் ஒரு காரணம்தான். அந்தப் பதினொரு நிமிடம் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

குயிலி கடற்பாசிப் பண்ணையில், பாசி வளரும் கயிறுகளைத் தண்ணீருக்குள் இறங்கிச் சோதிப்பவள். ஏழேகால் மணிப் படகு. ஆறு ஐம்பதுக்குத்தான் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள், சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள். முப்பத்தெட்டு நாளைக்கு முன்பும் அப்படித்தான் பேசினாள். ஏழு ஒன்றுக்கு அவன் நிமிர்ந்தபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. ஒன்பது இருபதுக்கு, தண்ணீருக்கடியில் நான்காவது கயிற்றைப் பிடித்தபடி, அவள் இதயம் நின்றுவிட்டது. வயது இருபத்தொன்பது.

மிதவையில் மண் இல்லை. இறந்தவர்களைக் கடலில் விடுவார்கள். நாற்பதாம் நாள் வடக்குச் சுவரில் ஒரு தகடு மாட்டுவார்கள். அதில் பெயர், தேதி, அவர் கடைசியாகச் சொன்னது. அலங்காரமாக எதையும் எழுதக் கூடாது என்பது வழக்கம். ‘கதவைச் சாத்திட்டுப் போ’ என்று ஒரு தகடு இருந்தது. ‘உப்பு கம்மி’ என்று ஒன்று.

குயிலியின் தகடு வெறுமையாக இருந்தது.

“மச்சான், இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு” என்றான் அருள்நம்பி. குயிலியின் தம்பி. தகடு பொறிக்கும் பட்டறையில் சொல்லி வைத்திருந்தான். “அம்மாகிட்ட நீங்க சொன்னீங்கள்ல, ‘அம்மாவப் பாத்துக்கங்க’ன்னு அக்கா சொன்னுச்சுன்னு. அதையே போட்டுருவோமே.”

“வேணாம்.”

“ஏன்? அம்மா அதச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு வாய் சாப்பிடுது.”

சாவு வீட்டில் மாமியார் திருவரசின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா எம் மவ என்னய்யா சொன்னா?” என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னான். அது அவனுடைய வாக்கியம்.

“எனக்கே நம்பிக்க இல்ல மச்சான்” என்றான் அருள்நம்பி. “அக்கா அப்புடியெல்லாம் பேசுற ஆளா? அதுவும் காலங்காத்தால. ‘இட்லி கல்லு மாதிரி இருக்கு’ன்னுதான் சொல்லியிருக்கும்.”

“சாயந்திரத்துக்குள்ள சொல்றேன்” என்றான் திருவரசு.

அவனுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. வாடகை நிமிடங்களில் காது கேட்பதெல்லாம் வாடகைக்கு எடுத்தவருக்குச் சொந்தம். நிறுவனம் அதை இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற நேரத்தில் கேட்டதை யாரும் பதியக் கூடாது என்பதும் சட்டம். குயிலி கடைசியாகப் பேசியது வாடகை நேரத்தில். அப்படியானால் அது தன்னறியிடம் இருக்கும். ஒரு வகையில் அந்தச் சந்தாவை நிறுத்தாமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்றுகூட அவன் நினைத்தான். நினைத்துவிட்டு அதற்காகவும் வெட்கப்பட்டான்.

தன்னறியின் சேவை முகப்பு இரண்டாம் அடுக்கில் இருந்தது. எந்திரங்கள் நடத்தும் நிறுவனமானாலும் மிதவைக்கு ஒரு மனிதரை உட்கார்த்த வேண்டும். இங்கே விமலா தெரஸ். ஐம்பது வயது. மேசைமேல் ஒரு பொட்டலம் வறுகடலை.

“என்ன தேர்வு தம்பி?”

அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

“சத்தமா சொல்லுங்க. எனக்குக் காது மந்தம்.”

“நீங்கள் எவ்வளவு நல்ல கணவர்.”

பின்னால் வரிசையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். விமலா தெரஸ் சிரிக்கவில்லை. “இதுல என்ன வெக்கம்? இந்த மெதவையில எழுநூறு பேரு நல்ல புருஷன். எல்லாருக்கும் தொண்ணூத்துக்கு மேல. ஒருத்தருக்கும் கம்மியா வந்ததில்ல. நிறுத்தணுமா?”

“இல்ல மேடம். ஒரு பதிவு வேணும்.” தேதியைச் சொன்னான். “காலை ஆறு ஐம்பதுலேர்ந்து ஏழு ஒண்ணு வரைக்கும். என் மனைவி பேசினது. அன்னிக்குத்தான் அவ தவறினா.”

அவள் கடலையைத் தள்ளி வைத்தாள். திரையில் தேடினாள். மறுபடி தேடினாள்.

“அன்னிக்குப் பதிவு இல்லயே தம்பி.”

“இருக்கணும். தினமும் எடுக்கறீங்க. இன்னிக்குக் காலைலகூட எடுத்தீங்க.”

“இன்னிக்கா?” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை அவன் பக்கம் திருப்பினாள். “ஒங்க சந்தா நின்னு எட்டு மாசத்துக்கு மேல ஆவுது. துணைவர் உரிமையில நிறுத்தியிருக்காங்க. குயிலி திருவரசு. ஒங்க வீட்டம்மாதானே?”

திருவரசு திரையைப் பார்த்தான். தேதி இருந்தது. அவள் இறப்பதற்கு இருநூற்றுப் பதினான்கு நாள் முன்பு.

“அதுக்கப்புறம் நாங்க ஒரு நிமிஷங்கூட எடுக்கல” என்றாள் விமலா தெரஸ். “அன்னிக்குக் காலைல ஒங்க காது ஒங்ககிட்டதான் இருந்துச்சு.”

“அப்ப ‘ம்’ சொன்னது யாரு?” என்று கேட்டான். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவனுக்கு விளங்கியது.

குமிழ் தொடங்கும்போதும் முடியும்போதும் எந்த ஒலியும் எழுப்பாது. அது ஒரு வசதி என்று விளம்பரத்தில் சொல்வார்கள். எனவே அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இருநூற்றுப் பதினான்கு காலைகள் அவன் தானாகவே காதைக் கொடுத்தான். வாங்க ஆளே இல்லை. கடைசிக் காலையில் அவள் சொன்னதைப் பதிய உலகத்தில் ஒரே ஒரு கருவிதான் இருந்தது. அது அவன்.

வரிசையில் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். விமலா தெரஸ் அவரை உட்காரச் சொன்னாள்.

“தம்பி, அவங்க எங்கள ரெண்டு தடவ கூப்பிட்டிருக்காங்க. அது பதிவுல இருக்கு. சேவை அழைப்ப நாங்க வெச்சுக்கலாம். கேக்கறீங்களா?”

அவன் தலையாட்டினான். அவள் ஒரு காதொலிப்பானை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் அழைப்பு முக்கால் மணி நேரம். நிறுத்துவதற்கும் தன்னறி ஒரு தேர்வு வைத்திருந்தது. நாற்பது கேள்விகள். குயிலி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தாள்.

“சந்தாவை நிறுத்துவதற்கான காரணம்?” என்றது எந்திரம்.

“நாலு ‘ம்’தாங்க மாத்தி மாத்தி வருது. நான் எண்ணிட்டேன். நேத்து நம்ம அடுக்களையில திமிங்கிலம் நிக்குதுன்னு சொன்னேன். அப்படியாங்கற ‘ம்’ வந்துச்சு. அப்பறந்தான் இது இவரு இல்லன்னு சந்தேகப்பட்டுக் கணக்கப் பாத்தேன்.”

“நிறுத்தினால் ‘சிறந்த செவி’ சான்றிதழ் செல்லாததாகிவிடும். சம்மதமா?”

“அது டப்பாவுல ஒட்டியிருக்கு. உரிச்சா மூடி வீணாப் போயிரும். இருந்துட்டுப் போவட்டும்.”

“நிறுத்தப்பட்டதைச் சந்தாதாரருக்குத் தெரிவிக்கலாமா?”

“ஐயையோ, வேணாங்க. கூச்சப்படுவாரு. நாளைக்குக் காலைல நான் பேசும்போது அவருக்கே தெரிஞ்சுரும்.”

திருவரசு காதொலிப்பானைக் கழற்றினான். விமலா தெரஸ் அவனைப் பார்க்காமல் கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டாவது சின்னதுதான்” என்றாள். “அவங்க தவறுறதுக்கு ஒன்பது நாள் முந்தி.”

அவன் மறுபடி மாட்டிக்கொண்டான். அது ஒரு நிமிடம்கூட இல்லை.

அன்று மாலை அருள்நம்பி பட்டறை வாசலில் காத்திருந்தான்.

“கெடச்சுதா மச்சான்?”

“கெடச்சுது. அன்னிக்கிச் சொன்னது இல்ல. அதுக்கு ஒன்பது நாள் முந்தி சொன்னது. அன்னிக்கி என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது.”

“எதுத்தாப்புலயே ஒக்காந்திருந்தீங்க.”

“ஆமா.”

அருள்நம்பி வாசற்படியில் உட்கார்ந்தான். “அம்மாகிட்ட சொன்னது?”

“பொய். நானே போய்ச் சொல்லிட்டேன். இப்ப அங்கேர்ந்துதான் வர்றேன்.”

“என்ன சொல்லிச்சு?”

“கதவச் சாத்திக்கிட்டாங்க.”

பொறிக்கும் எந்திரம் வாக்கியத்தைக் கேட்டது. திருவரசு சொன்னான். அருள்நம்பிக்குப் புரியவில்லை. “நல்லாத்தான் சொல்லியிருக்கு, ஒங்களப் பத்தியா?” என்று மட்டும் கேட்டான். திருவரசு ‘ம்’ என்றான். சொன்ன உடனே உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். திமிங்கிலத்தைச் சொன்னபோது அருள்நம்பி சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நாற்பதாம் நாள் தகட்டை மாட்டினார்கள். வடக்குச் சுவருக்குப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, கொடுத்து வைத்த புருஷன் என்று சொல்லிப் போகிறார்கள்.

அந்த இரண்டாவது அழைப்பில் குயிலி, “இன்னும் ஓடுதாங்க? ஒரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டிருந்தாள். எந்திரம் பார்த்துச் சொன்னது: “இல்லை. சந்தா நிறுத்தப்பட்டு இருநூற்று ஐந்து நாள் ஆகிறது. உங்கள் கணவருக்காக மீண்டும் தொடங்கலாமா?” அதற்குப் பிறகு நான்கு நொடி எதுவும் இல்லை. பின்னணியில் மாவுக்குழாய் சொட்டும் சத்தம் மட்டும். பிறகு, இப்போது தகட்டில் இருப்பதை, அவள் சொன்னாள்:

“வேணாங்க. அது இல்லாமலே நல்லாத்தான் சொல்றாரு.”