அட்டையின் கீழ்ப்பாதி

இல்யூஷன் என்ற சொல்லுக்கான அட்டையின் கீழ்ப்பாதி நிரம்பியிருந்தது. காலையில் மேல்பாதியில் 'இருப்பதை வேறொன்றாகக் காண்பது' என்று பொருள் எழுதிவிட்டு, கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டுத்தான் அவள் குளிக்கப் போனாள். இப்போது அங்கே ஒரு வாக்கியம்: 'நாற்காலியில் கிடந்த சட்டையை ஆள் என்று எண்ணினாள்.' ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லை.

புள்ளி வைக்காமல் எழுதும் மனிதர் இந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார், அவள் கணவர். அவர் போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது.

இருபத்தாறு வருடமாக இருவரும் ஆங்கிலம்–தமிழ் அகராதிக்கு, சொல்லுக்கு ஒன்றாக அட்டை எழுதினார்கள். மேல்பாதியில் அவள் பொருள், கீழ்ப்பாதியில் அவர் எடுத்துக்காட்டு. பொருளில் இல்லாத எதையும் அவர் வாக்கியத்தில் சேர்க்கமாட்டார், அதில் மட்டும் ராட்சசர். புள்ளி விஷயத்தில் மகா சோம்பேறி. "வைக்கத்தான் நீ இருக்கியே" என்பார். அச்சகத்தில் அவளை 'அகராதி பிடிச்ச அம்மா' என்று கேலி செய்வார்கள், அதற்கு முதலில் சிரிப்பவரும் அவரே. பேய், மாயை பற்றிய சொற்களைக் கடைசிக் கட்டாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைத் தொடும் முன் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை.

பயந்திருக்க வேண்டும். அவளுக்கோ அழுகைதான் வந்தது. அவர் சட்டை கிடந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள்.

மதியம் அச்சகத்திலிருந்து பிழை திருத்துபவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, சார் இல்லாம உங்களுக்குக் கஷ்டம். வாக்கியம் எழுத வேற ஆள் அனுப்பட்டுமா?"

"வேணாம் தம்பி. ஆள் இருக்கு."

அடுத்த அட்டை அப்பாரிஷன். 'திடீரெனக் கண்முன் தோன்றும் உருவம்' என்று எழுதி வைத்துவிட்டு, வேண்டுமென்றே சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பால் பொங்கும் வாசனைக்குள் மெல்ல வேறொரு வாசனை கலந்தது, ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் மருந்தும் அதற்கடியில் நாள்பட்ட ஈரத்துணியும் சேர்ந்த வாசனை. முதுகுக்குப் பின்னால் செருப்பு தேயும் சத்தம் வாசல்வரை வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. மேசைக்கு வந்தபோது மை காயாமல் இருந்தது: 'உருவம் கதவருகே நின்றது, அவள் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.'

மூன்றாவது ஹாலுசினேஷன். பழக்க தோஷத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாள்: 'இல்லாத ஒன்றை இருப்பதாகக் காண்பது.' எழுதிய மறுகணம் வாசனை அறுந்தது. கூடத்தில் நடந்துகொண்டிருந்த செருப்பு பாதி அடியில் நின்றது. ஒரு மணி நேரம் காத்திருந்தாள். கீழ்ப்பாதி வெள்ளையாகவே கிடந்தது.

அவளுக்குப் புரிந்தது. மேல்பாதி என்ன சொல்கிறதோ அதற்குள்தான் அவரால் இருக்க முடியும். இல்லை என்று எழுதினால் இல்லை. ஐயோ, தன் கையாலேயே அவரை வெளியே தள்ளிவிட்டாளே! அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

ரெவனன்ட் அட்டையை எடுத்தாள். 'இறந்தபின் திரும்பி வருவதாகச் சொல்லப்படும் ஆவி' என்பதுதான் முறையான பொருள். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவள் பொய்ப் பொருள் எழுதினாள்: 'இறந்தபின் வீடு திரும்பி, மறுபடியும் போகாதவர்.'

பேனாவை எதிர்ப்பக்கம் வைத்தாள். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது.

வாசனை வந்தது. இந்த முறை மெல்ல அல்ல.

செருப்புச் சத்தம் இல்லை. வெறுங்கால். ஈரமாக. ஒவ்வொரு அடியும் தரையில் ஒட்டி, பிய்ந்து.

நாற்காலி நகர்ந்தது.

உட்கார்ந்தார்.

தாடையைச் சுற்றிக் கட்டிய துணி அப்படியே இருந்தது. கன்னம் நாற்பத்தோரு நாள் மண்ணுக்குள் கிடந்த கன்னமாக இருந்தது. இருந்தும் அவள் கை நீட்டினாள்.

"வந்துட்டீங்களா? ஏங்க, இங்க பாருங்க. நான்தான்."

பார்த்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பேனாவை எடுத்தார். எழுதினார்.

'திரும்பி வந்தவருக்கு எதிரே யாரோ ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தாள்.'

வீடு திரும்பியவர் என்று எழுதினாள். போகாதவர் என்று எழுதினாள். அவளை நினைவில் வைத்திருப்பவர் என்று எழுதவில்லை. பொருளில் இல்லாத எதையும் அவர் சேர்க்கமாட்டார்.

பேனாவைப் பிடுங்கி, 'மனைவியை அறிந்தவர்' என்று மேல்பாதியில் சேர்த்தாள். அவர் கண்ணில் எதுவும் மாறவில்லை; எடுத்துக்காட்டு எழுதி முடிந்த அட்டையில் பொருள் இனி மாறாது. அந்தச் சொற்களை அடித்தாள். 'போய்விடுபவர்' என்று எழுதினாள். அசையவில்லை. கிழித்தாள். அப்போதும் இருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்ங்க. போயிடுங்க. போதும், போயிடுங்க."

போகாதவர் போகவில்லை. பேனா இல்லாத விரலை மேசையில் ஊன்றி எழுத ஆரம்பித்தார். தோல் உரிந்தது. நகம் கழன்றது. உள்ளிருந்த வெள்ளை எலும்பு மரத்தில் கீறியது.

'இந்த அம்மா யார்? என்னை ஏன் விடமாட்டேன் என்கிறாள்?'

மேசை நிரம்பியதும் விரல் விளிம்பைத் தாண்டி அவள் கையின்மேல் ஏறியது. அதே வாக்கியத்தை அவள் தோலில் முதலிலிருந்து எழுதத் தொடங்கியது.