தூக்கிப் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

இறந்துபோன கணவனின் குரலுக்கு அவள் கொடுத்த விலை தொள்ளாயிரம். இன்னும் ஒரு நூறைக் குறைத்திருக்கலாமே என்ற வருத்தம் வீடு வந்து சேரும்வரை இருந்தது.

குரல் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. மகளைத் தூங்கவைக்க அவர் பேசிப் பதிந்துவைத்த கதைகள். அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை புகைந்து அணைந்த நாள் முதல் குரலும் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்க, ஐந்து வயது மகள் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு, "அப்பா எப்பம்மா பேசுவாரு?" என்று நச்சரித்தாள். வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனாள்.

ஜவுளிக்கடை வீட்டில் வளர்ந்தவள். எதையும் கையில் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டாள். பவர் சப்ளைக்கும் அது சரிதான். நல்ல சரக்கில் செம்பும் இரும்பும் தாராளமாக இருக்கும், கனக்கும். கடைக்காரர் எடுத்துப் போட்ட புதியவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி உதட்டைப் பிதுக்கியவள், அலமாரியின் அடித்தட்டில் துணி சுற்றிக் கிடந்த பழையது ஒன்றைத் தூக்கினாள். மணிக்கட்டே இறங்கியது.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா."

உள்ளுக்குள் சிரித்தாள். இதே வசனத்தைச் சொல்லித்தான் அவள் அப்பா பாதிக் கடையை விற்றுத் தீர்த்தார்.

"விலையை மட்டும் சொல்லுங்கண்ணே."

"புதுசு எடுத்துட்டுப் போங்க. ரெண்டாயிரம். சரி, ஆயிரத்து ஐநூறு. ஆயிரமே குடுங்க, போதும்."

"நான் இன்னும் வாயே தொறக்கலியே! நீங்களா எறங்குறீங்கன்னா இந்தக் கிழடுலதான் ஏதோ இருக்கு."

கேட்காமலே விலை இறக்கும் கடைக்காரரை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவர் நெற்றி வேர்த்திருந்தது. அதையும் அவருடைய நடிப்பில் சேர்த்துக்கொண்டு தொள்ளாயிரத்தை எண்ணி வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. தன் போன் நம்பரை எழுதி நீட்டினார். "ரொம்ப நேரம் ஓட விடாதீங்கம்மா. பக்கத்துல யாரும் உக்கார வேணாம்."

அன்று மாலை, மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்க, ஈரத் துணி வாசனையும் சுவரின் புழுக்கமும் கலந்த அந்தச் சின்ன அறையில், பழைய பவர் சப்ளையை மாட்டியதும் கம்ப்யூட்டர் ஒரு முனகல்கூட இல்லாமல் உயிர்பெற்றது. "குட்டி, தூங்கிட்டியா?" என்று கணவரின் குரல் கேட்டதும் மகள் மேசைக்கடியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு படுத்தாள். எல்லாக் கதைகளையும் பென் டிரைவில் ஏற்றிவிட வேண்டும், இனி ஒரு பெட்டியை நம்பி இருக்கக்கூடாது. குரலை ஓடவிட்டபடியே நகலெடுக்கத் தொடங்கினாள்.

பவர் சப்ளையின் மின்விசிறி சீராகச் சுற்றவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். காற்றை உள்ளே இழுத்தது, நின்றது, பிறகு மெல்ல வெளியே விட்டது. அந்தக் காற்றில் சூடான தகர வாசனை இல்லை. யாரோ வெகுநேரம் படுத்து எழுந்த தலையணையின் வாசனை. அவளுடைய மூச்சும் அதற்கு இசைந்து இழுத்து, நின்று, விட்டுக்கொண்டிருந்தது.

இடி இறங்கியது. விளக்கு போயிற்று. பிரிட்ஜின் உறுமல் அடங்கியது. தெருவே இருண்டது.

கதை மட்டும் நிற்கவில்லை.

கரண்ட் பில் மிச்சம் என்றுதான் முதலில் தோன்றியது, அந்தப் புத்தி அப்படி. அடுத்த கணம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிளக் கையில் இருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது.

போனைக் கடைக்காரர் உடனே எடுத்தார்.

"அண்ணே, பிளக்கைப் பிடுங்கிட்டேன். இன்னும் ஓடுது."

"வீட்ல எத்தனை பேரு?"

"நானும் பொண்ணும். ஏன்?"

"வெளிய போங்கம்மா! சும்மா உக்காந்திருக்கிற ஆளு உடம்புலயே நூறு வாட் சூடு வருது. உங்க மெஷினுக்கு நூத்தம்பது வேணும். அது எங்கேருந்து..."

போன் கறுத்துப்போனது. முக்கால்வாசி சார்ஜ் இருந்த போன்.

எழப் பார்த்தாள். எழவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிற உணர்வே இல்லை. விரல்கள் மரத்திருந்தன. அவள் விட்ட மூச்சு திரை வெளிச்சத்தில் வெள்ளையாகப் போனது.

"குட்டி, வெளிய வாடி."

"அப்பா கூப்பிடுறாரும்மா."

கதை முடிந்திருந்தது. குரல் முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாடா, குட்டி."

அவர் பதிந்த ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடம். இந்த வாக்கியம் எதிலும் இல்லை.

நாற்காலியிலிருந்து சரிந்தாள். இருட்டில் துழாவினாள். பிஞ்சுக் கால். இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை. குளிர்ந்திருந்தது. இரும்புத் தகடு மாதிரி.

"குட்டி."

பாதத்தைக் கையால் தேய்த்தாள்.

பெட்டியின் பின்புறத்திலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. மகளின் தலைமுடி வாசனையோடு. அவள் முகத்தில் மோதி, நின்று, மறுபடி உள்ளே இழுத்தது. திரையின் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது.

வாய் அலற முயன்றது. மனம், அது வளர்ந்த வளர்ப்பு, கூட்டிக்கொண்டிருந்தது.

தேவை, நூற்றைம்பது வாட்.

சுவர் பிளக் தந்தது, ஒன்றுமில்லை.

அம்மா, நூறு.

குழந்தை, ஐம்பது.

பாக்கி இல்லை.