பிரேக் பிடிக்காத ரத்தம்!

காலை ஒன்பது பத்து. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் போன் அலறியது.

எடுத்தவள் அக்கா. ஏழு வருடமாக அங்கே ரத்தம் எடுக்கும் டெக்னீஷியன்.

"புற்றுநோய் டாக்டர் பேசறேன்மா. உன் தங்கச்சி ரிப்போர்ட் வந்தாச்சு. உங்கம்மாவைக் கொண்டுபோன அதே கோளாறு... செல் கண்டபடி பெருகாம பிரேக் போடுற ஜீன் உடைஞ்சிருக்கு!"

"டாக்டர்...!"

"புத்து வர்றதுக்கு முன்னாடியே மார்பை எடுத்துடுங்கன்னு அவ கையெழுத்துப் போட்டுட்டா. பத்து நிமிஷத்துல ஆபரேஷன்!"

ரிசீவர் நழுவியது.

பரிசோதனைக்குப் போன டியூபில் இருந்தது தங்கையின் ரத்தமே இல்லை...

அக்காவின் ரத்தம்!

அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். அவள் அச்சு அசல் அம்மா ஜாடை. ரிப்போர்ட் கெட்டதாக வந்தால் மாப்பிள்ளை வீடு நழுவிவிடும். அக்காவோ அப்பா ஜாடை. 'நமக்கென்ன வரப்போகிறது' என்று தன் கையிலேயே குத்தி எடுத்து, தங்கை பெயர் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாள்.

மூக்கையும் முழியையும் பார்த்தா ஜீன் இறங்குகிறது? கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கே அந்தப் புத்தி!

ஓடினாள். மூன்று மாடி. படிக்குப் படி நெஞ்சு திட்டியது... பாவி! பாவி!

ஆபரேஷன் அறைக் கதவு படாரென்று திறந்தது. மேஜை மேல் தங்கை. அருகே டாக்டர்.

"கத்தியை வைங்க டாக்டர்! அது என் ரத்தம்... நான்தான் மாத்தினேன்!"

"எங்கிட்ட கத்தியே இல்லையேம்மா!"

அப்போதுதான் பார்த்தாள். மயக்க மருந்து டாக்டர் இல்லை. நர்ஸ் இல்லை. போர்வைக்கு வெளியே தங்கையின் செருப்பு எட்டிப் பார்த்தது!

"கெட்ட ரிப்போர்ட் வந்தா, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்காம நான் கத்தியைத் தொடறதில்ல. ரெண்டாவது டியூப் நானே எடுத்தேன். இவ சுத்தம்! அப்ப நீ எடுத்த முதல் டியூப் யாரோடது? வைத்தியம் அவளுக்குத்தானே வேணும்? நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பியா? அதான் இந்த நாடகம்!"

அக்காவின் தலை கவிழ்ந்தது.

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர்.

"உன் ரத்தம் சுத்தமா இருந்து, கோளாறு நிஜமாவே எனக்கு இருந்திருந்தா? நல்ல ரிப்போர்ட்டைக் கையில கொடுத்தே என்னைச் சாகடிச்சிருப்பியேக்கா!"

அக்காவிடம் வந்தது அழுகைதான்.

"நாளைக்கே உனக்கு ஸ்கேன்," என்றார் டாக்டர். "முளையிலேயே பிடிச்சா கிள்ளிடலாம்."

"என் வேலை... டாக்டர்?"

"போச்சு!"

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"வேலையைக் கொடுத்து உயிரை வாங்கியிருக்கே... உன் ஆயுசுல நீ ஏமாறாம முடிச்ச ஒரே பேரம்க்கா இது!"