மூன்றாம் கூடத்தின் அலை

காலை பத்தேகால். தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோகிலவாணியை மேலாளர் அறைக்கு அழைத்தார்கள்.

"போயிட்டு வா கண்ணு. அழுதுட்டு வந்தீன்னா கூடத்துக்குள்ள விட மாட்டோம்" என்றாள் பக்கத்து இயந்திரத்துச் சிவகாமி அக்கா.

"அழுவறதா? நானா?"

ஆலையில் எல்லாப் பெண்களின் மேற்கையிலும் தோலுக்கடியில் அலையடக்கி என்ற அரிசியளவு கருவி இருந்தது. சினைப்பையில் முட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறும். இரண்டு நாள் இறங்காமல் நின்றால் பிட்யூட்டரி சுரப்பி இன்னொரு ஹார்மோனை அலையாகக் கிளப்பும். அந்த அலை வந்தால்தான் முட்டை வெளியேறும். அடக்கி அலையை எழ விடாது. எந்தக் கூடத்துப் பெண்கள் எப்போது பிள்ளை பெறலாம் என்று நிர்வாகம் முறை வைத்திருந்தது. மூன்றாம் கூடத்தின் முறை வர நான்கு ஆண்டுகள் இருந்தன. கோகிலவாணிக்கு வயது முப்பத்தொன்பது. அடக்கி இல்லாத கையை ஊரில் எந்த ஆலையும் உள்ளே விடாது.

முறை வந்த மாதத்தில் கூடம் முழுவதற்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுப்பார்கள். பாதிப்பேருக்கு மேல் சேர்ந்து ஏறினால், முறை வந்துவிட்டது என்று எண்ணி எல்லா அடக்கிகளும் ஒதுங்கிக்கொள்ளும். ஒருத்திக்கு மட்டும் ஏறினால் அமுக்கிவிடும்.

சிவகாமி அக்காவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. மருத்துவர் அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதித் தந்திருந்தார். அது இரண்டு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாயோடு ஊறுகாயாகக் கூடத்தைச் சுற்றி வந்தது. முறை வந்துவிட்டதென்று அடக்கிகளை நம்பவைக்க எல்லோரும் கையில் அடக்கி இருந்த இடத்தின் மேல் பூசிக்கொண்டார்கள். கோகிலவாணி மட்டும் பூசவில்லை. அவளுக்குத் தானாகவே ஏறியிருந்தது.

மேலாளர் வசுந்தரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு யோசனை இது?"

"என்னோடதுங்க மேடம்."

"வேலை போயிரும்."

"தெரியுமுங்க. முட்டை எந்தச் சட்டத்துல கம்பெனி சொத்துன்னு இருக்குது? அதைக் காட்டிட்டு அனுப்புங்க."

"வாய் ரொம்ப நீளுது. மொத்தக் கூடத்துக்கும் அலை எழும்புது. இப்பவே நிறுத்தியாகணும்."

திரையில் கூடத்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. கீழே ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் கூடம் முழுவதும் அடங்கும்; ஒருத்தியை மட்டும் விட்டுவைக்க வழியில்லை.

கடைசிப் பெயரைக் கோகிலவாணி படித்தாள். வசுந்தரா.

அடக்கி புதிதாக வந்தபோது பெண்கள் கையை நீட்ட மறுத்தார்கள். முதலில் உங்களுக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று யாரோ கத்த, வசுந்தரா மேடை ஏறிக் கையை நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவரையும் மூன்றாம் கூடத்தோடு சேர்த்தார்கள். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. போன ஆவணியில் ஆனது. கூடமே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது.

களிம்பைத் தொடாத அந்தக் கடைசிப் பெயரின் எதிரிலும் கோடு தானாகவே மேலே ஏறிக்கொண்டிருந்தது. வசுந்தராவின் பார்வை அங்கேயே நின்றது. விரல் பொத்தானுக்கு மேலே இருந்தது.

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் இதுவரை அவள் உட்கார்ந்ததில்லை.

"அமுக்குனா உங்களுக்கும் சேர்ந்துதானுங்க நிக்கும். அமுக்கறீங்களா மேடம்?"